பீட்டாவை எப்போது முடிப்பது? நான்கு வழிகளும் அவற்றின் மறைமுகச் செலவுகளும்

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் செயலி எழுதும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் பலர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். செயலி ஓடுகிறது. ஒரு தோட்டத்திலோ ஒரு டியூஷன் வகுப்பிலோ சிலர் பாவித்துப் பார்க்கிறார்கள். பெரிய முறைப்பாடு எதுவும் வரவில்லை. இனி பீட்டா (சோதனைப் பதிப்பு) என்ற பெயரை எடுத்துவிட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடலாமா, இன்னும் ஒரு மாதம் பார்க்கலாமா? "எத்தனை வழுவோடு வெளியிடலாம் அண்ணே?" என்றுதான் அடிக்கடி கேட்கிறார்கள். வழு என்றால் நிரலில் உள்ள பிழை.

எண்ணிக்கையில் இருந்து தொடங்கினால் இதற்கு விடை கிடைக்காது. வழுவே இல்லாத மென்பொருள் என்று ஒன்று கிடையாது. முதலில் கேட்க வேண்டியது இது: செயலி தவறினால் பாவிக்கிறவர் இழப்பதை நம்மால் திருப்பிக் கொடுக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு உங்கள் செயலி என்ன பதில் சொல்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் வெளியிடும் வழியும் மாறும்.

பேச்சுக்கு ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை நிறுக்கும் இடமான கொழுந்து மடுவத்தில், கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு தொழிலாளியினதும் நிறுவையைப் போனில் பதிகிறார். மாத முடிவில் அது செக்ரோலுக்கு (தொழிலாளரின் சம்பளப் பதிவேட்டுக்கு) போய், சம்பளக் கணக்காக வெளியே வருகிறது. கீழே சொல்வதையெல்லாம் இந்தச் செயலியை வைத்தே பார்க்கலாம்.

## முதலில் அளவுகோல்கள்

மீட்க முடியாத இழப்பு எது? திரையில் ஒரு தமிழ்ச் சொல் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் நாளை திருத்தலாம். நிறுவை பார்த்த கொழுந்து லொறியில் ஏறித் தொழிற்சாலைக்குப் போய்விட்டால் அதை மறுபடி நிறுக்க முடியாது. அந்தப் பதிவு அழிந்தால், நோர்முக்கு (ஒரு நாளுக்கு எடுக்க வேண்டிய அளவுக்கு) மேலே எடுத்த கிலோவுக்கான காசு அதைப் பறித்த அம்மாவுக்குக் கிடைக்காது. பதிவு அழிவது, இரண்டு தரம் பதிவாவது, ஒருவருடைய நிறுவை இன்னொருவர் பெயரில் விழுவது ஆகிய மூன்றும் ஒரு வகை. மற்ற வழுக்கள் எல்லாம் வேறு வகை. இரண்டையும் ஒரே பட்டியலில் எண்ணக் கூடாது.

பீட்டாவில் இருந்தவர்கள் யார்? கொழும்பு வெள்ளவத்தையில் நல்ல போனும் நல்ல இணையமும் வைத்திருக்கும் நண்பர்கள் சோதித்தது மஸ்கெலியாவுக்குப் போதாது. மழையில் நனைந்த விரலால் தொட்டால் என்ன நடக்கிறது? மடுவத்தில் பதிந்துகொண்டிருக்கும்போது சிக்னல் போய், மாலை பங்களாப் பக்கம் ஏறும்போது திரும்பி வந்தால் பதிவுகள் சரியாகச் சேர்கின்றனவா? அரைப்பேர் போட்ட நாள் அரை நாளாகவே கணக்கில் நிற்கிறதா? அடையாள அட்டை எண்ணுக்கான இடம், 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய எண்ணையும், 2016 முதல் வரும் 12 இலக்க எண்ணையும் ஏற்கிறதா? பெயர்ப்பட்டியல் இன்னொரு பொறி. அலுவலகத்தில் அது பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால், யூனிகோடுக்கு (இன்றைய பொது எழுத்துமுறைக்கு) மாற்றாமல் உள்ளே எடுத்ததும் எல்லாப் பெயரும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும். ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கும் டிவிசனும் (தோட்டத்தின் ஒரு பிரிவு) உண்டு, அதையும் சோதித்திருக்க வேண்டும்.

மௌனத்துக்கு என்ன காரணம்? பீட்டாவின் கடைசிக் கிழமைகளில் முறைப்பாடு குறைவதைப் பார்த்து மகிழ்ந்துபோகிறோம். செயலி நன்றாக ஆனதாலும் குறையலாம். பாவிக்கிறவர்கள் சலித்துப்போய் மறுபடி கொப்பியில் எழுதத் தொடங்கியதாலும் குறையலாம். முறைப்பாட்டை எண்ணும்போது அந்தக் கிழமை எத்தனை பதிவுகள் விழுந்தன என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பதிவு குறையாமல் முறைப்பாடு மட்டும் குறைந்தால் நல்ல செய்தி.

வந்த முறைப்பாட்டை யார் வாசிக்கிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்தது. விண்டோஸ் 10க்கு 2018 ஒக்டோபர் 2ஆம் திகதி ஒரு பெரிய அப்டேட் வந்தது. சிலருடைய கணினியில் அது கோப்புகளையே அழித்துவிட்டது. ஆவணங்கள், படங்கள் போன்ற கோப்புறைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்திலும் சில கோப்புகளை விட்டு வைத்திருந்தவர்களுக்கு, பழைய கோப்புறை உள்ளிருந்த எல்லாவற்றோடும் போய்விட்டது. ஒக்டோபர் 6ஆம் திகதி மைக்ரோசொப்ட் வெளியீட்டை நிறுத்தியது. நவம்பர் 13ஆம் திகதிதான் மறுபடி கொடுத்தது. வருத்தமான பகுதி என்னவென்றால், முன்கூட்டிச் சோதித்தவர்களில் சிலர் இதைச் சில மாதங்களுக்கு முன்பே எழுதியிருந்தார்கள். ஆனால் அந்தக் குறிப்புகளுக்கு ஆதரவு வாக்குகள் குறைவு, அதனால் மேலே வரவில்லை. பின்னர் மைக்ரோசொப்ட், பாதிப்பு எவ்வளவு கடுமையானது என்று குறிப்பிடும் வசதியைத் தன் கருத்துச் செயலியில் சேர்த்தது. எத்தனை பேர் சொன்னார்கள் என்று பார்த்தால் இப்படிப்பட்ட வழு அடியில்தான் கிடக்கும். ஒருவர் மட்டும் "என்னுடைய நேற்றைய கணக்கைக் காணவில்லை" என்று சொன்னால்கூட அந்தக் கிழமை வெளியீடு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பிப் போக வழி உண்டா? வழங்கியில் (சேவரில்) ஓடுவதை இரவோடு இரவாகப் பழைய பதிப்புக்கு மாற்றலாம். போனில் ஏறியது அப்படி இல்லை. அண்ட்ரொய்டில் புதிய பதிப்புக்கு மேல் பழையதைச் சாதாரணமாக நிறுவ முடியாது. அழித்துவிட்டுப் போட வேண்டும், அழித்தால் இன்னும் அனுப்பப்படாத நிறுவைகளும் கூடவே போகும்.

பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? சம்பளத்துக்கு முந்திய நாள் மாலை தோட்ட அலுவலகத்துக் கிளாக்கர் ஐயா கோல் எடுத்தால் எடுத்துப் பேசும் ஆள் யார்? அந்த ஆள் இல்லை என்றால் மென்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது இன்னும் தயாராகவில்லை.

## வழி 1: திகதி குறித்து வெளியிடுவது

உபுண்டு என்ற இலவசக் கணினி இயங்குதளம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2004 ஒக்டோபரில் தொடங்கி, ஏப்ரலிலும் ஒக்டோபரிலுமாக ஆண்டுக்கு இரண்டு பதிப்பு. 2006 ஏப்ரலில் வர வேண்டியது மட்டும் மேலும் மெருகேற்றுவதற்காக ஜூனுக்குத் தள்ளிப்போனது. இந்த ஒழுங்கின் உயிர்நாடி, தயாராகாத வசதியை வெளியே எடுத்துவிட்டு மற்றதை அனுப்புவது. எடுத்துவிட முடியாத வசதி என்றால் இந்த முறை வேலை செய்யாது.

சில திகதிகளை நாம் தீர்மானிப்பதும் இல்லை. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம், 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா நிவாரணப்படியுமாக 1000 ரூபா ஆக வர்த்தமானியில் வந்தது. சம்பள வீதம் இப்படி மாறும்போது, "எங்கள் செயலி இன்னும் பீட்டாவில்தான் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அந்த மாதக் கணக்குக்குள் மாற்றம் வந்தே ஆக வேண்டும்.

மறைமுகச் செலவு கடைசிக் கிழமையில் வருகிறது. திகதி நெருங்க நெருங்க வழுவைத் திருத்துவதற்குப் பதிலாக வழுவின் தரத்தைக் குறைக்கும் பழக்கம் வந்துவிடும். "கடுமையானது" என்று இருந்தது "நடுத்தரம்" ஆகும். யாரும் பொய் சொல்ல நினைப்பதில்லை, ஆனால் திகதி அப்படித் தள்ளும். அமெரிக்காவின் மருத்துவக் காப்புறுதி இணையத்தளம் 2013 ஒக்டோபர் 1ஆம் திகதி குறித்தபடியே திறந்தது. முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர். அரசாங்கத்தின் பணமும் ஆள்பலமும் இருந்த இடத்திலேயே அப்படி நடந்தது.

திகதிதான் குறிப்பது என்றால் அதையாவது பார்த்துக் குறியுங்கள். சம்பளம் 10ஆம் திகதிக்குள் கொடுக்கப்பட வேண்டும், ஆகவே மாதத்தின் முதல் பத்து நாள் ஆகாது. தீபாவளி முற்பணக் கணக்கு ஓடும் நேரமும் ஆகாது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து குவியும் ஏப்ரல், மே மாதங்களில் கணக்கப்பிள்ளைக்குப் புதிய திரையைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

இது பொருந்தும் இடம்: ஏற்கெனவே நன்றாக ஓடும் செயலியின் சிறு மாற்றங்கள், சட்டம் அல்லது பரீட்சை போன்று வெளியே இருந்து வரும் திகதிகள்.

## வழி 2: நிபந்தனை நிறைவேறியதும் வெளியிடுவது

டெபியன் என்ற இயங்குதளத் திட்டம் இதில் பெயர்போனது. வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குக் கடுமையான வழுக்கள் என்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். அது தீரும்வரை வெளியீடு இல்லை. ஃபெடோரா என்ற இன்னொரு இயங்குதளத்திலும் எழுதிவைத்த நிபந்தனைகள் உண்டு. வெளியிடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கவே ஒரு கூட்டம் வைக்கிறார்கள், தடுக்கும் வழு ஒன்று மீதி இருந்தால் திகதி தள்ளிப்போகும்.

கொழுந்துச் செயலிக்கு நான் எழுதும் நிபந்தனைகள் இப்படி இருக்கும்:

- ஒரு முழுச் சம்பள மாதம், கொப்பிக் கணக்கும் செயலிக் கணக்கும் ஆளாள் வாரியாக ஒத்துப்போக வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதம், தோட்டத்தின் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் எல்லாம் சதத்தோடு சரியாக இருக்க வேண்டும்.
- நடுவில் பற்றரி இறங்கி போன் அணைந்தாலும், சேமித்த பதிவு ஒன்றுகூடப் போகக் கூடாது.
- நாள் முழுக்க சிக்னல் இல்லாமல் இருந்துவிட்டு வந்தால் ஒரு பதிவு இரண்டாக விழக் கூடாது.
- தோட்டத்தில் இருக்கும் ஆகப் பழைய போனில் ஓட வேண்டும்.
- எடுத்த பேக்கப்பை வேறொரு போனில் திறந்து காட்ட வேண்டும்.

நிபந்தனைகள் குறைவாகவும், ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடியதாகவும் இருந்தால் போதும். "வேகமாக இருக்க வேண்டும்" என்பது நிபந்தனை ஆகாது. மிக முக்கியமாக, இவற்றைப் பீட்டா தொடங்கும் முன் எழுதுங்கள். பிறகு எழுதினால், செயலி எதைச் செய்கிறதோ அதையே நிபந்தனையாக எழுதத் தோன்றும்.

இன்னொரு விதியும் உண்டு. சோதித்த அதே கோப்பையே வெளியிட வேண்டும். "சின்ன மாற்றம்தானே" என்று கடைசி இரவில் ஒரு வரியைத் தொட்டால், நீங்கள் வெளியிடுவது யாரும் சோதிக்காத மென்பொருள். இந்த இயங்குதளங்களுக்கு அடிப்படையான லினக்ஸ் கருவில் புதிய வசதிகளை ஏறத்தாழ இரண்டு கிழமைக்கு மட்டும் உள்ளே எடுக்கிறார்கள். அதன் பிறகு கிழமைக்கு ஒரு வெளியீட்டு மாதிரி (இறுதிப் பதிப்புக்கு முந்திய சோதனைப் பதிப்பு), அதில் திருத்தங்கள் மட்டும். பெரும்பாலும் ஏழாவது அல்லது எட்டாவது மாதிரியோடு, நிலைமை அமைதியாக இருந்தால், இறுதிப் பதிப்பு வரும். கடைசியாக வரும் மாற்றங்கள் கிழமைக்குக் கிழமை சிறுத்துக்கொண்டே போகின்றனவா என்பது நமக்கும் நல்ல அறிகுறி.

மறைமுகச் செலவு காத்திருப்பு. டெபியன் 2002 ஜூலையில் ஒரு பதிப்பை வெளியிட்டது, அடுத்தது 2005 ஜூனில்தான் வந்தது. அந்த இடைவெளி முழுக்க மக்கள் பழையதோடு இருந்தார்கள். பின்னர் அவர்கள் முறையைச் செப்பனிட்டார்கள். புதியது எதையும் சேர்க்காமல் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள், வெளியீடு மட்டும் நிபந்தனையைப் பொறுத்தது. நிறுத்துவதற்குத் திகதி, வெளியிடுவதற்கு நிபந்தனை: சிறிய குழுவுக்கும் இந்தச் சேர்க்கை மிகவும் பொருந்தும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் வசதி மேல் வசதி சேர்த்துக்கொண்டே இருப்போம், நிபந்தனை ஒருநாளும் நிறைவேறாது.

இது பொருந்தும் இடம்: காசு, நிறுவை, மருந்து, பரீட்சைப் புள்ளி போன்றவற்றைத் தொடும் எந்தச் செயலியினதும் முதல் வெளியீடு.

## வழி 3: படிப்படியாக விடுவது

கூகுள் பிளேயில் ஒரு அப்டேட்டை முதலில் சில வீதம் பேருக்கு மட்டும் கொடுக்கலாம், கோளாறு என்றால் நிறுத்தலாம். அப்பிளில் 7 நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 வீதம் என்று ஏறும். மேலே சொன்ன விண்டோஸ் கதையிலும், தானாகப் பரவும் கட்டம் தொடங்கும் முன், தேடிப்போய் எடுத்தவர்களிடம் மட்டும் இருந்தபோதே நிறுத்த முடிந்ததால்தான் பெரும்பாலானோர் தப்பினார்கள்.

ஆனால் இந்த இரண்டு செயலிக் கடையிலும் இந்த வசதி அப்டேட்டுக்குத்தான், முதல் வெளியீட்டுக்குக் கிடையாது. நிறுத்தினாலும் ஏற்கெனவே பெற்றவர்களிடம் அந்தப் பதிப்பே இருக்கும். அவர்களைக் காப்பாற்ற இன்னும் புதிய எண்ணோடு ஒரு பதிப்பை அனுப்ப வேண்டும்.

நம் அளவுக்கு வீதக் கணக்கு பொருந்துவதும் இல்லை. உங்களுக்கு 300 பாவனையாளர் என்றால் 1 வீதம் என்பது 3 பேர், அந்த மூன்று பேரும் அன்றைக்குச் செயலியைத் திறக்காமலே இருக்கலாம். அதைவிட மோசம், கடை தன் பாட்டில் ஆட்களைத் தெரிவு செய்யும்போது ஒரே டிவிசனில் கணக்கப்பிள்ளை புதிய பதிப்பிலும் அவருக்குப் பதிலாக நிற்பவர் பழைய பதிப்பிலும் இருப்பார்கள். இரண்டும் ஒரே கணக்கை எழுதும். பழையதும் புதியதும் ஒருவருடைய பதிவை ஒருவர் படிக்கும்படி எழுதியிருக்கிறீர்களா? இந்த முறையின் உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது, அதற்கான வேலை சிறியதல்ல.

அதனால் ஆளுக்கு ஆள் பிரிக்காமல் இடத்துக்கு இடம் பிரியுங்கள். முதலில் மேற்கணக்கு (மேல் டிவிசன்), ஒரு சம்பளம் போட்டு முடிந்ததும் பணியக்கணக்கு (கீழ் டிவிசன்), பிறகு பக்கத்துத் தோட்டம். வெளியீட்டுக்கு முன் மூடிய சோதனைப் பட்டியலில் (அழைத்தவர்கள் மட்டும் பாவிக்கும் சோதனை) மின்னஞ்சல் முகவரிகளைச் சேர்த்து இப்படிச் செய்யலாம். இரண்டாவது இடத்தை வேண்டுமென்றே கடினமானதாகத் தெரிவு செய்யுங்கள். சிக்னலே இல்லாத பள்ளத்து டிவிசன் ஒன்று, நல்ல சிக்னல் உள்ள நான்கு டிவிசனை விட அதிகம் காட்டிக்கொடுக்கும்.

இது பொருந்தும் இடம்: கிட்டத்தட்ட எல்லா இடத்திலும், ஆனால் வழி 1 அல்லது வழி 2க்குத் துணையாக. தனியே நின்று எப்போது தயார் என்று இது சொல்லாது.

## வழி 4: பீட்டாவிலேயே வைத்திருப்பது

ஜிமெயில் 2004 ஏப்ரல் 1ஆம் திகதி வந்து, 2009 ஜூலைவரை பீட்டாவாகவே இருந்தது. அந்தப் பெயரைக் கண்டு நிறுவனங்கள் வாங்கத் தயங்கியதும் அதை எடுத்ததற்கு ஒரு காரணம். பீட்டா என்ற பெயரில் சில வசதிகள் உண்டு. பிளேயில் சோதனையாளர் எழுதும் கருத்து உங்களுக்கு மட்டுமே தெரியும், பொது மதிப்பீட்டில் விழாது. எதிர்பார்ப்பும் குறைவாக இருக்கும்.

அப்பிளின் சோதனைச் சேவையான டெஸ்ட்ஃப்ளைட்டில் ஒவ்வொரு சோதனைப் பதிப்பும் 90 நாளில் காலாவதியாகும். நீங்கள் புதியதை அனுப்ப மறந்தால் ஒரு காலையில் செயலி திறக்காது.

பிளேயைப் பற்றி ஒரு விளக்கம் இங்கே வேண்டும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்குத் திறந்தவர்கள், வெளியீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் மூடிய சோதனையில் குறைந்தது 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் வைத்திருக்க வேண்டும் (முதலில் 20 பேர் என்று இருந்தது). பலர் இதை முடித்ததும் "தயார்" என்று எண்ணிவிடுகிறார்கள். 14 நாள் என்பது கடையின் நுழைவு விதி. நம் செயலியில் அது அரைச் சம்பள மாதம்கூட இல்லை, மாத முடிவுக் கணக்கு ஒருமுறைகூட ஓடாமலே இருந்திருக்கலாம்.

எனக்கு இந்த வழியில் பெரிய மனத்தடை ஒன்று உண்டு. பீட்டாவைத் தெரிவு செய்தவர் தோட்ட அலுவலகத்தில் இருக்கிறார். அந்தப் பீட்டாவின் தவறால் சம்பளம் குறையக்கூடியவர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. செயலியின் மூலையில் பீட்டா என்று எழுதியிருப்பது அவருக்குத் தெரியவும் தெரியாது. அந்தச் சொல்லை வைத்து நம் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. ஒருவருடைய கூலி அதன் கணக்கில் போகிறது என்றால், பெயர் என்னவாக இருந்தாலும் அது வெளியிடப்பட்ட மென்பொருள்தான்.

இது பொருந்தும் இடம்: பாடசாலைக் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு, பஸ் நேர விவரம், பேச்சுவழக்குச் சொல் அகராதி போன்று, தவறினால் எரிச்சலோடு முடிகிறவை.

## ஒரே பார்வையில்

| வழி | பலம் | மறைமுகச் செலவு | திரும்பிப் போக |
|---|---|---|---|
| திகதி | எல்லோரும் திட்டமிடலாம் | வழுவின் தரம் குறைத்து எழுதப்படும் | வசதியை எடுத்துவிட முடிந்தால் எளிது |
| நிபந்தனை | மீட்க முடியாத இழப்பு தடுக்கப்படும் | காத்திருப்பு, வசதி பெருகுதல் | தேவை குறைவு |
| படிப்படி | பாதிப்பு சிறிய வட்டத்தில் நிற்கும் | இரண்டு பதிப்பு ஒன்றாக ஓட வேண்டும் | நிறுத்தலாம், பெற்றவர்களுக்குப் புதிய பதிப்பு வேண்டும் |
| தொடர் பீட்டா | கருத்து கிடைக்கும், அழுத்தம் இல்லை | நம்பிக்கை வளராது, காலாவதி | சோதனை வட்டத்தைப் பொறுத்தது |

## நான் எதைத் தெரிவு செய்வேன்

கொழுந்துச் செயலியின் முதல் வெளியீட்டுக்கு வழி 2, அதோடு டிவிசன் வாரியாக வழி 3. இரண்டு சம்பள மாதம் பிசகில்லாமல் போன பிறகு, அப்டேட்டுகளுக்கு வழி 1. டியூஷன் செயலி என்றால் இவ்வளவு இறுக்கம் வேண்டாம். வினாத்தாள்களைப் பரீட்சைக்குப் பிறகு கொடுத்துப் பயனில்லை, ஆகவே திகதிதான் முக்கியம். ஆனால் அதே செயலி புள்ளிகளைச் சேமிக்கத் தொடங்கினால், அந்தப் பகுதி மட்டும் வழி 2க்குப் போக வேண்டும். ஒரு செயலி முழுவதற்கும் ஒரே வழி என்று கட்டாயம் இல்லை.

"சரி, போகலாம்" என்று சொல்லும் ஆளையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். அது நிரல் எழுதியவராக இருக்கக் கூடாது. எழுதியவருக்கு முடித்துவிட வேண்டும் என்ற அவசரமும் இருக்கும், தன் வேலை மீது பாசமும் இருக்கும். நம் செயலிக்கு அந்த ஆள் செக்ரோல் கிளாக்கர். நிபந்தனைப் பட்டியலை அவர் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாக அவரே ஓட்டிப் பார்த்து ஆம் போடட்டும். ஒன்றுக்கு இல்லை போட்டால் வாதாடாமல் திரும்பி வாருங்கள்.

அப்புறம் நாள். 10ஆம் திகதி சம்பளம் முடிந்து அலுவலகம் மூச்சுவிடும்போது புதிய பதிப்பைப் போடுங்கள். மாத முடிவுவரை கொப்பியும் செயலியும் சேர்ந்தே ஓடட்டும். அடுத்த மாதம் 1ஆம் திகதி காலைப் பெரட்டிலிருந்து (வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்திலிருந்து) செயலிக் கணக்கே அதிகாரபூர்வக் கணக்கு. அப்போது ஒரு மாதக் கணக்கு இரண்டு பதிப்புகளுக்கிடையே பிரியாது. கொப்பியை மட்டும் இன்னும் இரண்டு சம்பளத்துக்கு நிறுத்த வேண்டாம். தொழிலாளி வந்து "என் கிலோ குறைகிறதே" என்று கேட்டால் விரித்துக் காட்ட அது வேண்டும்.